விற்க வைப்பது பணத்தேவையே!

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவரே, எங்களை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கும் எதிரணியினரே, சபையோரே, வணக்கம்.

பாதியில் வந்து உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 'பங்குச்சந்தை சரியும்போது சாதாரண முதலீட்டாளரை விற்க வைப்பது பயமா, பணத்தேவையா?' பயம்தான் என்று எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அம்மா அடித்துச் சொன்னார். டிவியில் சிவப்பு எழுத்து ஓடினாலே அவர் வீட்டுக்காரர் பிரஷர் மாத்திரையைத் தேடுவாராம். கைதட்டல் அள்ளியது. நானும்தான் தட்டினேன். ஆனால் அம்மா, முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டீர்களே. மாத்திரை போட்டுக்கொண்டார், சரி. பங்கை விற்றாரா? அதுதானே தலைப்பு!

2020 மார்ச் 23-ஐ அம்மா உதாரணம் காட்டினார். அந்த நாளையே எடுத்துக்கொள்வோம், எனக்கும் வசதி. காலையில் சந்தை திறந்த கொஞ்ச நேரத்தில் 10 சதவீதம் சரிந்து லோயர் சர்க்யூட், அதாவது சரிவுக்கு வைத்திருக்கும் எல்லை, தொட்டது. 45 நிமிடம் வியாபாரத்தையே நிறுத்தி வைத்தார்கள். மறுபடி திறந்த பிறகும் சரிவு நிற்கவில்லை. மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளிகள், அதாவது 13 சதவீதத்துக்கு மேல் இழந்தது. ஜனவரியில் 42,000-ஐத் தாண்டியிருந்த குறியீடு அன்று 26,000-க்குக் கீழே போய் முடிந்தது. வெளியே கொரோனா, வாசலில் ஊரடங்கு. பயந்து ஓட வேண்டுமென்றால் அதைவிடப் பொருத்தமான மாதம் நம் வாழ்நாளில் வந்ததில்லை.

ஓடினார்களா? அந்த மார்ச் மாதம் பலர் பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்டுகளில் உள்ளே வந்த பணத்திலிருந்து வெளியே போன பணத்தைக் கழித்துப் பாருங்கள். 11,000 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளேதான் வந்திருக்கிறது. எஸ்ஐபி, அதாவது மாதத் தவணையாகக் கட்டும் முதலீடு, அதன் வழியாக மட்டும் 8,641 கோடி.

'அது மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகிற பணம், அதற்கும் தைரியத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுக்கிறார். சரி, தானாகப் போகிற பணம் என்றே வைத்துக்கொள்வோம். அது ஏன் அடுத்தடுத்த மாதங்களில் குறைந்தது? ஏப்ரலில் 8,376 கோடி, மே மாதம் 8,123, ஜூனில் 7,917. இத்தனைக்கும் சந்தை அப்போது ஏறிக்கொண்டிருந்தது! விழுந்த மாதம் கட்டியவர் எழுந்த மாதம் கட்டவில்லை. பயம் என்று சொன்னால் இந்தக் கணக்கு உதைக்கிறது. சம்பளம் என்று சொல்லிப் பாருங்கள், சரியாக வரும்.

எங்கள் திருப்பூரில் அந்த ஏப்ரலில் தறியும் தையலும் நின்றன. போன சரக்குக்குப் பணம் வரவில்லை, வந்த ஆர்டரும் நின்றுபோனது. எங்கள் காம்பவுண்டில் குடியிருந்த ஒரு தம்பி பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். முதலில் பாதிச் சம்பளம், அப்புறம் 'கூப்பிடுகிறோம்' என்ற ஒரு வார்த்தை மட்டும். ஜூலையில் ஒரு சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து செல்போனில் ஃபண்டை விற்றுக்கொண்டிருந்தார். போட்டதைவிடக் குறைவாகத்தான் திரையில் காட்டியது. அதை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'அண்ணா, திங்கட்கிழமைக்குள்ள கணக்குக்கு வந்துருமா?' திங்கட்கிழமை பெண்ணுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டக் கடைசி நாள். மார்ச்சில் சந்தை பாதாளத்துக்குப் போனபோது விற்காத ஆள் அவர்.

இன்னொன்றையும் எதிரணி யோசிக்க வேண்டும். அந்த மார்ச் கடைசியில் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. இருப்பில் 75 சதவீதம், அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், இதில் எது குறைவோ அது. லட்சக்கணக்கானவர்கள் விண்ணப்பித்து எடுத்தார்கள். பி.எஃப். இருப்பு சென்செக்ஸோடு சேர்ந்து விழுவதில்லை. டிவியில் சிவப்பாக ஓடுவதும் இல்லை. அதை எடுத்தார்களே, அது எந்தப் பயம்? ஆகஸ்ட் தொடக்கத்தில் தங்கம் பவுன் 40,000 ரூபாய்க்கு மேலே நின்றது. அதே மாதம் ரிசர்வ் வங்கி, வங்கிகள் நகை மதிப்பில் 75 சதவீதம்தான் கடன் தரலாம் என்றிருந்த வரம்பை 90 சதவீதமாகத் தளர்த்தியது. விலை ஏறுகிற நகையைப் பயந்துபோய் யாராவது அடகு வைப்பார்களா? ஃபண்டும் பி.எஃப்.பும் நகையும் ஒரே வீட்டில் இருந்து, ஒரே காரணத்துக்காகத்தான் வெளியே போயின. நடுவர் ஐயா தலையாட்டுகிறார். அவர் வீட்டிலும் அந்த வருடம் ஒரு அடகு ரசீது இருந்திருக்கும் போல.

அடுத்து, அம்மா 2025 ஜனவரிக் கணக்கை வாசித்தார். புதிதாகத் தொடங்கிய எஸ்ஐபி சுமார் 56 லட்சம், நின்றுபோனது சுமார் 61 லட்சம், 'பார்த்தீர்களா பயத்தை' என்றார். அம்மா, அந்த 61 லட்சத்தில் தவணைக்காலம் முடிந்து இயல்பாக நின்றவையும் சேர்த்தி. அது போகட்டும். எஸ்ஐபி நிற்பதற்கு முதலீட்டாளர் முடிவே எடுக்க வேண்டியதில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? மாதத் தவணை மூன்று முறை தொடர்ந்து பணமில்லாமல் திரும்பினால் அது தானே ரத்தாகிவிடும். போதாக்குறைக்கு ஒவ்வொரு முறையும் வங்கி ஒரு அபராதம் பிடிக்கும். கணக்கில் பணமில்லை என்று சொல்வதற்கு, அந்தக் கணக்கிலேயே எடுக்கும் பணம்! அப்படி நின்ற எஸ்ஐபியைப் பயத்தின் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

சரி, மொத்தப் பணம் என்ன ஆனது? 2024 செப்டம்பர் 27-இல் தேசியப் பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி 26,277 வரை போனது. அதன் பிறகு அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை ஐந்து மாதமும் இறக்கம். 1996-க்குப் பிறகு அப்படித் தொடர்ந்து ஐந்து மாதம் இறங்கியதே இல்லை. அந்த ஐந்து மாதத்தில் ஒரு மாதம்கூட எஸ்ஐபி 25,000 கோடிக்குக் கீழே போகவில்லை. பயந்த சனம் மாதா மாதம் இருபத்தைந்தாயிரம் கோடி கட்டுமா, ஐயா?

பயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பயம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் பயந்த மனிதர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஆப்பைத் திறப்பதை நிறுத்துகிறார். 'பார்த்தால்தானே வயிறு எரியும்' என்று செல்போனிலிருந்தே எடுத்துவிடுகிறார். பணம் தேவைப்பட்டவர்தான் மறந்துபோன பாஸ்வேர்டை ஓடிபி வாங்கி மாற்றி, உள்ளே போய் விற்கிறார்.

இதற்கு எங்கள் சித்தப்பாவே சாட்சி. 2008 ஜனவரியில் ரிலையன்ஸ் பவர் பங்கு வெளியீடு வந்தது நினைவிருக்கும். விலை 450, நம்மைப் போன்ற சில்லறை முதலீட்டாளருக்கு 20 ரூபாய் தள்ளுபடி. கடன் வாங்கியாவது விண்ணப்பம் போடாத தெரு இல்லை. சித்தப்பாவும் போட்டார். பிப்ரவரி 11-ஆம் தேதி பட்டியலிட்ட முதல் நாளே 372 ரூபாய் சொச்சத்தில் முடிந்தது. அந்த வருடம் முழுக்கச் சந்தை அடி வாங்கியது. ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 8,000-க்கும் கீழே வந்து போனது. சித்தப்பா விற்கவில்லை. 2020-இல் அந்தப் பங்கு இரண்டு ரூபாய்க்கும் கீழே கிடந்தது. அப்போதும் விற்கவில்லை. இன்னும் பங்குகளை வைத்திருக்கும் டிமேட் கணக்கில் பத்திரமாக இருக்கிறது! அன்றைக்கே பயந்து விற்றிருந்தால் மனிதர் பிழைத்திருப்பார். பயம் விற்க வைக்கும் என்கிறீர்களே, எங்கள் சித்தப்பாவுக்கு மட்டும் அந்தப் பயத்தை ஏன் அனுப்பி வைக்கவில்லை?

கடைசியாக மார்ஜின், அதாவது கடனில் பங்கு வாங்க நம் கையிலிருந்து கட்டும் பணம், அந்த விஷயம். பாதிப் பணம் தன்னுடையது, மீதி புரோக்கர் கடன் என்று வாங்கியவர் இருக்கிறார். விலை இறங்கினால் 'மார்ஜின் பற்றவில்லை, பணம் கட்டுங்கள்' என்று செய்தி வரும். கட்ட முடியாவிட்டால் புரோக்கரே விற்றுவிடுவார். அந்த ஆள் வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போதே அவர் பங்கு விற்றுப்போயிருக்கும். பயப்படக்கூட அவருக்கு நேரம் கிடைக்காது! 'கடன் வாங்கி வாங்கியது பேராசை' என்று எதிரணித் தலைவர் சொல்வார். சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற முன்பேர வியாபாரத்தில் 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே சொல்லிவிட்டது. ஆனால் அவர் ஏன் வாங்கினார் என்பது வேறு பட்டிமன்றம். விற்றது ஏன் என்றால், கையில் காசில்லை, அவ்வளவுதான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வியை மட்டும் விட்டுப் போகிறேன். 2020 நவம்பரில் சென்செக்ஸ் பழைய உச்சத்தைத் தாண்டிப் புது உச்சத்துக்குப் போனது. கடன் தவணைக்குக் கொடுத்திருந்த சலுகை ஆகஸ்டோடு முடிந்து, ஈஎம்ஐ மறுபடி வீட்டு வாசலுக்கு வந்திருந்த நேரம் அது. அந்த நவம்பரில் எஸ்ஐபியில் வந்த பணம் 7,302 கோடி. சந்தை நொறுங்கிய மார்ச்சைவிட ஆயிரத்து முந்நூறு கோடிக்கு மேல் குறைவு. போட்ட முதல் திரும்பி வந்தால் போதும் என்று கிளம்பியவர்களும் அதில் இருக்கலாம், மறுக்கவில்லை. மற்றவர்கள் புது உச்சத்தைப் பார்த்துப் பயந்தார்களா என்பதை மட்டும் நண்பர் சொல்லிவிட்டு உட்காரட்டும்.

வணக்கம்.