பாஸ், நீங்களும் கிளாஸுக்கு வாங்க! சிங்கப்பூர் சேஃப்டி விதிகள் மாறிய கதை

வணக்கம் மக்களே!

நூறு இருநூறு பேருக்குச் சம்பளம் போடும் ஒரு கம்பெனி முதலாளி. அவரைக் கூப்பிட்டு, "2024 மார்ச் 31-க்குள் வகுப்புக்குப் போய்ப் படித்துவிட்டு வாங்க" என்று அரசாங்கம் சொன்னால் எப்படி இருக்கும்? சிங்கப்பூரில் உண்மையிலேயே சொன்னார்கள். பாடம் என்ன தெரியுமா? வேலையிடப் பாதுகாப்பு.

முன்கதையை வேகமாக ஓட்டிவிடுகிறேன். 2004-இல் நிக்கல் நெடுஞ்சாலை பக்கத்தில் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) சுரங்கப் பள்ளம் இடிந்தது. அதையும் சேர்த்து மூன்று விபத்துகள், ஆறு வாரத்துக்குள் 13 பேர் இறந்துபோனார்கள். 2006-இல் வேலையிடப் பாதுகாப்புக்குப் புதுச் சட்டம் வந்தது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

கட்டுமான வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பையன் சிங்கப்பூரில் இறங்கிய இரண்டு வாரத்துக்குள் சேஃப்டி கோர்ஸுக்குப் போக வேண்டும். மூன்று மாதத்துக்குள் பாஸ் ஆகவில்லையென்றால் வொர்க் பெர்மிட் ரத்து. கடன் வாங்கி விமானம் ஏறியவனுக்கு அது எப்படிப்பட்ட பரீட்சை என்று யோசித்துப் பாருங்கள். பாஸ் ஆகிவிட்டாலும் சில வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போய் உட்கார வேண்டும்.

(திரையில்: சாரத்தின் மேல் நிற்கும் ஒரு தொழிலாளி. நெருக்கமாக, தோளில் தொங்கும் கொக்கி.)

இந்தப் படத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். உடம்பில் ஹார்னஸ், அதாவது பாதுகாப்புப் பட்டை, கச்சிதமாகப் போட்டிருக்கிறார். ஆனால் கொக்கி தோளில் தொங்குகிறது. கோர்ஸில் சொல்லித் தரவில்லையா? தந்தார்கள். மாட்டத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மாட்ட இடம்தான் இல்லை! கொக்கியை மாட்டும் கயிறான லைஃப்லைனைக் கட்டித் தர வேண்டியது யார்? அதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றால் "பரவாயில்லை, ஆகட்டும்" என்று சொல்ல வேண்டியது யார்? அங்கேதான் பாஸ் வருகிறார். தொழிலாளிக்கு மட்டும் நூறு தடவை பாடம் நடத்தினாலும் அந்தக் கொக்கி காற்றில்தான் ஆடும். என் கருத்து இது, சண்டைக்கு வருபவர்கள் கமெண்டில் வரலாம்.

2022-இல் வேலையிடத்தில் அடுத்தடுத்து ஆட்கள் இறந்ததும் (அந்த வருடம் மொத்தம் 46 பேர்) மனிதவள அமைச்சும் இந்தப் பக்கம் திரும்பியது. அந்த செப்டம்பரிலிருந்து அடுத்த மே வரை உச்சக் கண்காணிப்புக் காலம். பெரிய விபத்து நடந்து, கம்பெனி மேல் தப்பு இருந்தால் மூன்று மாதம் வரை புது வெளிநாட்டு ஆள் எடுக்கத் தடை. கூடவே, தலைமை நிர்வாகியே அமைச்சிடம் நேரில் விளக்கம் சொல்ல வேண்டும். மேனேஜரை அனுப்பிவிட்டு கோல்ஃப் ஆடப் போக முடியாது! அதன் தொடர்ச்சிதான் அந்த வகுப்பு. கட்டுமானம், உற்பத்தி போன்ற ஆபத்து அதிகமுள்ள துறைகளில் தலைமை நிர்வாகியோ இயக்குநர் ஒருவரோ போயே ஆக வேண்டும்.

"போய்த் தூங்கிவிட்டு வந்தால்?" என்கிறீர்களா? அதற்குத்தான் எனக்கு ரொம்பப் பிடித்த குற்றப்புள்ளிக் கணக்கு. சிங்கப்பூரில் வண்டி ஓட்டுபவர் 24 மாதத்தில் 24 புள்ளி வாங்கினால் லைசென்ஸ் முடக்கம். கட்டுமான, உற்பத்திக் கம்பெனிக்கும் அதே மாதிரி: 18 மாதத்தில் 25 புள்ளி சேர்ந்தால் மூன்று மாதத்துக்குப் புது வெளிநாட்டு ஆள் கிடையாது. 50 என்றால் ஆறு மாதம். 100 தாண்டினால் இருக்கிற ஆட்களின் பெர்மிட்டைக்கூடப் புதுப்பிக்க முடியாது. எந்த சைட்டில் வாங்கினாலும் புள்ளி ஒரே கணக்கில்தான் ஏறும்.

அபராதம் கட்டுவது பணக்காரக் கம்பெனிக்குச் செலவுக் கணக்கில் ஒரு வரி. ஆனால் சிங்கப்பூரில் வெளிநாட்டு ஆள் இல்லாமல் ஒரு தூண் எழும்புமா? கைவைக்க வேண்டிய இடத்தில் கைவைத்திருக்கிறார்கள்.

2024 ஜூனில் இன்னும் இரண்டு வந்தன. சில விதிமீறல்களுக்கு உச்ச அபராதம் 20,000 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 50,000 ஆனது. ஒப்பந்த மதிப்பு 50 லட்சம் வெள்ளியோ அதற்கு மேலோ உள்ள கட்டுமான சைட்டில், ஆபத்தான வேலை நடக்கும் இடங்களில் கேமரா கட்டாயம்.

பலன்? 2023-இல் இறப்பு 36 ஆகக் குறைந்தது. 2024-இல் மறுபடி 43. அதனால் "எல்லாம் சரியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம் ஒன்று, இதை ஸ்கிப் பண்ணாதீர்கள். மனிதவள அமைச்சு 'செக்சேஃப்' என்று ஒரு இணையச் சேவை வைத்திருக்கிறது. கம்பெனி பெயரைப் போட்டால் அங்கே எத்தனை பேர் காயம்பட்டார்கள், எத்தனை குற்றப்புள்ளி என்று பார்க்கலாம். ஏஜென்ட் கையில் பணம் கொடுப்பதற்கு முன்னால் கம்பெனி பெயரைக் கேட்டு வாங்கி, அதில் தட்டிப் பாருங்கள். பெயரைச் சொல்லவே ஏஜென்ட் மழுப்பினால் பணத்தை எடுத்துப் பைக்குள் வையுங்கள். சிங்கப்பூர் கிளம்பும் தம்பி யாராவது உங்கள் தெருவில் இருந்தால் இந்த வீடியோவை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.