புதுப் பாட்டுக்கு ஒரு மண்டகப்படி

(குற்றாலம் சீசனை ஒட்டித் தென்காசியில் கூடிய இசை ரசிகர்களிடையே பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறது.)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் நாதஸ்வர, தவில் வித்வான்களுக்கும், ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நேரே இங்கே வந்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கும், தாய்மார்களுக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'கோடை விழாக்களில் சமகாலச் செவ்வியல் இசை'. வாசலில் நோட்டீஸைப் பார்த்த அண்ணாச்சி ஒருவர், "சமகாலம்னா சினிமாப் பாட்டா?" என்று கேட்டார். இல்லை அண்ணாச்சி. மேற்கே பாக், மொசார்ட், பீத்தோவன் என்று ஒரு சாஸ்திரீய சங்கீத மரபு இருக்கிறதல்லவா, அதே மரபில் நின்றுகொண்டு, சுரத்தைத் தாளில் எழுதி, வாத்தியக் குழுவின் கையில் கொடுத்து, தங்கள் காலத்துக்கென்று புதிதாகச் செய்கிறார்களே, அந்த இசை. கேட்ட மாத்திரத்தில் காதில் ஒட்டாது. மெட்டு என்று முணுமுணுக்க ஒன்றும் அகப்படாது. அப்படிப்பட்ட இசைக்கு யார் மேடை கொடுத்தார்கள் என்று பார்த்தால், பெரிய பங்கு கோடை விழாக்களுக்குத்தான். இன்று நான் சொல்ல வந்தது அதைத்தான். நம்ம சீமையிலும் புதுசுக்கு ஏற்ற இடம் திருவிழாதான், சபா இல்லை.

லண்டனில் 'பிராம்ஸ்' என்று ஒரு விழா. 1895 ஆகஸ்டில் குயின்ஸ் ஹால் என்ற அரங்கில் ராபர்ட் நியூமன் என்பவர் தொடங்கினார். இசைக்குழுவை நடத்தியவர் ஹென்றி வுட். நியூமனின் கணக்கு ரொம்பத் தெளிவானது. முதலில் ஜனங்களுக்குப் பிடித்ததைக் கொடு, பிறகு படிப்படியாகத் தரத்தை ஏற்று, கடைசியில் பழைய சங்கீதத்துக்கும் புதிய சங்கீதத்துக்கும் சேர்த்து ஒரு ரசிகர் கூட்டத்தையே உண்டாக்கு. சீட்டு விலை குறைவு. நின்றுகொண்டு கேட்கலாம், நடக்கலாம், தின்னலாம், குடிக்கலாம், சுருட்டும் பிடிக்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள்தான்: பாட்டுப் பாடும்போது மட்டும் தீக்குச்சி கிழிக்காதீர்கள்! இதைப் படித்தபோது எனக்கு நம்ம ரதவீதிதான் ஞாபகம் வந்தது. 1927இல் பி.பி.சி. அந்த விழாவைக் கையில் எடுத்துக்கொண்டது. 1941இல் குண்டு விழுந்து குயின்ஸ் ஹால் அழிந்தது. விழா நிற்கவில்லை. ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு மாறி, இன்றுவரை கோடைதோறும் நடக்கிறது. நின்று கேட்கும் சீட்டு இன்றும் உண்டு.

அந்த விழாவில் 1912 செப்டம்பர் 3ஆம் தேதி நடந்ததைக் கேளுங்கள். அர்னால்ட் ஷோன்பெர்க் என்ற வியன்னாக்காரர் பெரிய வாத்தியக் குழுவுக்கென்று ஐந்து இசை உருப்படிகள் எழுதியிருந்தார். அதற்கு அரங்கேற்றம் வியன்னாவில் இல்லை, பெர்லினிலும் இல்லை, இந்த நின்று கேட்கிற கூட்டத்துக்கு முன்னால். ஒத்திகையிலேயே வாத்தியக்காரர்களுக்கு முகம் சுளித்துவிட்டது. ஹென்றி வுட் என்ன சொன்னாராம் தெரியுமா? விடாமல் வாசியுங்கள், இன்னும் 25 வருஷத்தில் நீங்கள் வாசிக்க வேண்டி வரப்போவதைப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை என்றாராம். கச்சேரியில் சீறல் சத்தம் எழுந்தது. சரி, அத்தோடு மூட்டை கட்டினார்களா? இல்லை. 1914 ஜனவரியில் ஷோன்பெர்க்கையே லண்டனுக்கு வரவழைத்து, அதே ஐந்தையும் அதே குயின்ஸ் ஹாலில் அவர் கையாலேயே நடத்தச் சொன்னார்கள். இந்தத் தடவை ஜனங்கள் மரியாதையாகக் கேட்டார்கள். உருப்படியில் ஒரு சுரமும் மாறிவிடவில்லை. காதுக்கு அது இரண்டாம் தடவை, அவ்வளவுதான்.

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் பணக் கணக்குப் பேசும்போது தேவைப்படும்.

அடுத்தது அமெரிக்கா. நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் என்ற ஊர். அங்கே மேவரிக் என்று ஒரு இசைக் கொட்டகை, 1916இல் கட்டியது. முழுக்க மரம். பின்பக்கம் காட்டைப் பார்த்துத் திறந்திருக்கும். வெயில் காலத்தில் ஓவியர்களும் எழுத்தாளர்களும் அங்கே வந்து தங்குவார்கள், கச்சேரி நடக்கும். 1952 ஆகஸ்ட் 29 இரவு, ஜான் கேஜ் எழுதிய ஒரு உருப்படியை வாசிக்க டேவிட் டியூடர் என்ற பியானோக்காரர் உட்கார்ந்தார். பியானோவின் மூடியைச் சாத்தினார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு மூடியைத் திறந்தார். முதல் பாகம் முடிந்தது! மறுபடி சாத்தினார், இருந்தார், திறந்தார். இப்படி மூன்று பாகம். மொத்தம் நாலு நிமிஷம் முப்பத்து மூணு விநாடி. ஒரு சுரம் கிடையாது. வெளியே மரங்களில் காற்று அடித்ததும், பிறகு கூரையில் மழைத்துளி விழுந்ததும், கடைசியில் ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனதும்தான் அன்று கேட்டவை என்று கேஜ் பின்னால் சொன்னார். கச்சேரி முடிந்து பேச்சு நடந்தபோது ஒருவர் எழுந்து, இந்த ஆட்களை ஊரை விட்டே விரட்டுங்கள் என்று கத்தினாராம்.

எனக்கு இதை இரண்டாம் முறை காசு கொடுத்துக் கேட்கத் தோன்றாது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் கதவைச் சாத்தி ஏ.சி. போட்ட நகரத்து அரங்கில் அது நடந்திருந்தால் நாற்காலி கிறீச்சிடுவதும் இருமலும்தான் கேட்டிருக்கும். கோடைக் கொட்டகை என்பதால் காற்றும் மழையும் கிடைத்தன. குற்றாலத்தில் தகரக் கூரைக்குக் கீழே கச்சேரி கேட்டவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

மழை என்றதும் இன்னொன்று. அமெரிக்காவில் டாங்கிள்வுட் என்ற இடத்தில் 1937 ஆகஸ்டில் கூடாரத்துக்குள் பாஸ்டன் இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. கச்சேரி நின்று நின்று நடந்தது. கெர்ட்ரூட் ராபின்சன் ஸ்மித் என்ற அம்மாள் அப்படியே மேடை ஏறி, இதற்கு ஒரு கூரை போடப் பணம் கொடுங்கள் என்று கேட்டார். அடுத்த வருஷம் கூரை நின்றது. அதே இடத்தில் 1964 முதல் சமகால இசைக்கென்றே தனி விழா நடக்கிறது.

எல்லாம் சுபமாகவே முடிந்தது என்று நினைக்காதீர்கள். பிராம்ஸ் விழாவின் கடைசி இரவில் தேசபக்திப் பாட்டும் கொடியாட்டமும்தான் வழக்கம். 1995இல் அந்த இரவில் ஹாரிசன் பர்ட்விஸில் எழுதிய 'பேனிக்' என்ற புதிய உருப்படியை வைத்தார்கள். சாக்ஸபோனும் டிரம்ஸும் முன்னால் நின்று அலற, பி.பி.சி.க்குப் புகார் ஆயிரக்கணக்கில் வந்தது. என் அபிப்பிராயம், உருப்படி மேல் குற்றம் இல்லை, வைத்த இடம் தப்பு. கொடியாட்ட வந்த கூட்டத்தின் கையிலிருந்து கொடியைப் பிடுங்கக் கூடாது. சொதிச் சாப்பாட்டில் இஞ்சிப் பச்சடியை எங்கே வைக்கிறோம்? இலை ஓரத்தில், கொஞ்சமாக. ஆனால் அது இல்லாமல் யாராவது சொதி பரிமாறினால் நம்மாட்கள் விடுவார்களா? புது உருப்படியையும் அப்படித்தான் வைக்க வேண்டும்.

சரி, நம்ம பக்கம் வருவோம். மாவட்டம் பிரிந்து தென்காசி தனியாகப் போனாலும், தூத்துக்குடி முன்னாலேயே போனாலும், பாட்டு விஷயத்தில் எல்லாம் திருநெல்வேலிச் சீமைதான்.

இதோ பக்கத்தில் மேலகரம். திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். அவர் எழுதிய குற்றாலக் குறவஞ்சி அன்றைக்குச் சுடச்சுடப் புதுசு. முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அதற்கு நிலமே மானியமாகக் கொடுத்தார், 'குறவஞ்சி மேடு' என்று. லண்டனிலும் பாஸ்டனிலும் புது உருப்படி எழுதச் சொல்லி முன்பணம் கொடுப்பதைப் பெரிசாகப் பேசுகிறோம், இங்கே 18ஆம் நூற்றாண்டிலேயே வயல் கொடுத்திருக்கிறார்கள்.

சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளம். அண்ணாமலை ரெட்டியார் 1865இல் பிறந்து 1891இல் போய்விட்டார். ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போனபோது வழிநடைக்காகப் பாடியது அவருடைய காவடிச்சிந்து என்பார்கள். சபாவில் உட்கார்ந்து கேட்க வந்ததல்ல அது, புழுதியில் நடந்துகொண்டே பாட வந்தது. இன்று பல வித்வான்கள் கச்சேரிக் கடைசியில் பாடுகிறார்கள்.

அடுத்தது எட்டயபுரம். முத்துசாமி தீட்சிதர் 1835இல் அங்கேதான் மறைந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கிலீஷ் பாண்டுக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் காதில் வாங்கி, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் போட்டவர் அவர். நோட்டு சுரங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் வெள்ளைக்காரரிடம் பிடில் கற்று, நம்ம சங்கீதத்தை அதில் வாசித்து, எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தார். யோசித்துப் பாருங்கள், கர்நாடக சங்கீதத்துக்குப் பிடில் வந்த புதிதில் அதை ஆதரித்த அரண்மனைகளில் ஒன்று நம்ம கரிசல் காட்டு அரண்மனை. இன்றைக்குப் பிடில் இல்லாமல் கச்சேரி உண்டா?

"அதெல்லாம் சரி, சொல் இல்லாத இசை, மெட்டு பிடிபடாத இசை, நம்ம ஜனத்துக்குப் புரியாதே" என்பார்கள். இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் கோயில் புறப்பாட்டைப் பாருங்கள். கம்பீரநாட்டை ராகத்தில் நாதஸ்வரக்காரர் வாசிக்கும் மல்லாரி. அதில் சாகித்தியம் உண்டா? ஒரு சொல் கிடையாது. தவிலின் சொல்கட்டுதான் அதற்கு எலும்பு. அதையே காலம் மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள். தவில்காரர் விரலில் கூடு மாட்டிக்கொண்டு வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், கணக்குப் போட ஆரம்பித்தால், சுண்டல் விற்கிறவர் முதல் தேர்வடம் பிடிக்க வந்தவர் வரை நின்று கேட்கிறார்கள். முடிகிற இடத்தில் சரியாகத் தலை ஆடுகிறது. அந்தத் தலைக்கு யார் பாடம் எடுத்தார்கள்? நாதஸ்வர வித்வான் காருகுறிச்சியாருக்கு விடிய விடிய உட்கார்ந்த கூட்டமும் இதே கூட்டம்தானே.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு வாருங்கள். வில்லுப்பாட்டில் புலவர் வீசுகோலை ஓங்கி ஒரு கட்டத்தைப் பிடித்தால், சாமியாடிக்கு அருள் வரும் வரை அதைவிட்டு நகர மாட்டார். ஒரே வரி, ஒரே தாளம், குடமும் உடுக்கும் ஏறிக்கொண்டே போகும். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. கணியான் கூத்தில் உச்ச மகுடம், மந்த மகுடம் என்று இரண்டு தோல் வாத்தியம், ஒன்று கேட்க ஒன்று பதில் சொல்லும். ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதும், எங்கே முடிப்பது என்பதை வாசிப்பவர் கையில் விடுவதும் மேற்கே 1950, 60களில் பெரிய புரட்சியாகப் பேசப்பட்டன. சுடலைமாடன் கோயில் வாசலில் அதைக் கேட்டுக்கொண்டுதான் நாம் தூங்கியே போனோம்.

ஆகையால் காது இருக்கிறது. இல்லாதது ஏற்பாடு. நம்ம திருவிழாக் கச்சேரிகளில் வர்ணம், நாலு கீர்த்தனை, ஒரு பெரிய ராகம், துக்கடா என்று வரிசை மாறுவதே இல்லை. அந்த வரிசையே அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போன நூற்றாண்டில் நிலைநிறுத்தியதுதான். அதை நான் குறை சொல்லவில்லை, நடுவில் ஒரு பத்து நிமிஷம் இடம் கேட்கிறேன். நாதஸ்வரம் ஒன்று, தவில் இரண்டு, பிடில் ஒன்று, கூட வில்லுப்பாட்டுக் குடமும் உடுக்கும் என்று வைத்து, நம்ம பிள்ளை ஒருவரை எழுதச் சொல்லுங்கள். பிடிலுக்கு மைக் வேண்டும், நாதஸ்வரத்துக்கு முன்னால் தயவுசெய்து மைக்கை நீட்டாதீர்கள். சாரல் ஈரத்தில் தோல் இறங்கிவிடும் என்று மிருதங்க வித்வான்கள் கவலைப்படுவார்கள். நியாயம்தான். தவிலுக்கு இப்போது இரும்பு வளையமும் திருகாணியும் வந்துவிட்டதால் அது ஓரளவு தாங்கும். அதனால்தான் தவிலைக் கேட்கிறேன்.

இனி பணம். கோயிலில் ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஒரு மண்டகப்படிக்காரர் இருக்கிறார். பூக்கட்டு, தீபாராதனை, மேளம் எல்லாம் அவர் பொறுப்பு. புதுப் பாட்டுக்கும் அதே போல ஒரு மண்டகப்படி வேண்டும். அந்தப் பணம் மூன்றாகப் பிரியும். எழுதுகிறவருக்கு ஒரு பங்கு. வாசிக்கிறவர்களுக்கு, கச்சேரிச் சம்பளம் வேறு, ஒத்திகைச் சம்பளம் வேறு. ஒத்திகைக்குச் சும்மா வா என்று கூப்பிடுகிற வழக்கத்தை இதிலாவது விட்டுவிடுவோம். மூன்றாவது பங்கை இந்த வருஷம் தொடக் கூடாது, அது அடுத்த வருஷம் அதே உருப்படியை மறுபடி வாசிக்க. கைதட்டல் கிடைத்தாலும் சரி, குயின்ஸ் ஹால் மாதிரிச் சீறல் கிடைத்தாலும் சரி, வாசித்தே ஆக வேண்டும். இந்தக் கண்டிஷனுக்குச் சம்மதிக்காதவரிடம் பணம் வாங்க வேண்டாம்.

இந்த சீசனுக்குள் நடத்த முடியாது, அவசரப்பட்டால் அரைகுறையாக முடியும். அடுத்த வருஷ ஆனிக்குக் குறி வைப்போம். மண்டகப்படிக்குப் பேர் கொடுக்கிறவர்களுக்கு வாசலில் காப்பி அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. முதல் பேர் நான் எழுதியிருக்கிறேன், தொகையையும் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அதைவிடக் குறைத்து எழுதாதீர்கள், வணக்கம்.