செரியோமுகா பூக்கும்போது நோவ்கொரோத்

வணக்கம். ரஷ்யா போகிறேன் என்று யாராவது சொன்னால் மாஸ்கோவா பீட்டர்ஸ்பர்க்கா என்றுதான் உடனே கேட்போம். இரண்டும் பார்க்க வேண்டிய ஊர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் வசந்தத்தில் ஒரு வாரம் போய்வரலாம் என்று திட்டம் போடுகிறவர்கள், அதில் மூன்று நாளை எடுத்து வெலிக்கி நோவ்கொரோத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறேன். நான் இரண்டு முறை போனேன், இரண்டுமே மே மாதம்.

முதலில் பெயர். நோவ்கொரோத் என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. நீஷ்னி நோவ்கொரோத் என்பது மாஸ்கோவுக்குக் கிழக்கே, வோல்கா கரையில். நாம் பேசுவது பீட்டர்ஸ்பர்க்குக்குத் தெற்கே சுமார் 190 கிலோமீட்டரில், வோல்கோவ் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். வோல்கா, வோல்கோவ், ஆற்றின் பெயர்கூட குழப்பும். எனக்குத் தெரிந்த ஒருவர் அறையை ஓர் ஊரிலும் ரயில் டிக்கெட்டை இன்னோர் ஊருக்கும் எடுத்துவிட்டார். டிக்கெட்டில் 'நோவ்கொரோத்-நா-வோல்கோவே' என்று இருக்கிறதா பாருங்கள். பீட்டர்ஸ்பர்க்கின் மாஸ்கோ நிலையத்திலிருந்து லாஸ்தோச்கா என்ற ரயில், மூன்று மணி நேரப் பயணம்.

எப்போது போவது? மார்ச்சில் வசந்தம் என்று காலண்டர் சொல்லும், நம்பாதீர்கள். ஏப்ரலில் பனி உருகி மண்பாதையெல்லாம் சேறாகிக் கிடக்கும், அந்தப் பருவத்துக்கே ரஸ்புதித்சா என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். மே 1 முதல் 9 வரை விடுமுறைக் காலம், ரயிலில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. அதனால் மே 10-க்குப் பிறகு கிளம்புங்கள். பிர்ச் மரங்கள் துளிர்த்திருக்கும், செரியோமுகா மரங்கள் வெள்ளைக் கொத்தாகப் பூத்து தெருவே மணக்கும். அந்த மரம் பூத்தால் போன குளிர் திரும்பி வரும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. நான் தங்கிய வீட்டு அம்மா ஜன்னலுக்கு வெளியே பூத்திருந்த மரத்தைக் காட்டினார், என் மெல்லிய சட்டையைக் காட்டினார், பேசாமல் உள்ளே போய் தன் கணவரின் கம்பளி ஸ்வெட்டரை எடுத்து வந்து என் கையில் வைத்துவிட்டார். அன்று சாயங்காலமே அது தேவைப்பட்டது.

சரி, இந்த ஊருக்கு ஏன் போக வேண்டும்? எனக்குக் காரணம் மரப்பட்டைதான். 1951-இல் இங்கே அகழாய்வில் பிர்ச் மரப்பட்டையில் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது, அதன்பின் இதுவரை ஆயிரத்துக்கும் மேல் கிடைத்துவிட்டன. மை கிடையாது, எழுத்தாணியால் கீறி எழுதியவை. ஈரமும் களிமண்ணும் காற்றைப் புகவிடாமல் காத்ததால் மரம், தோல், பட்டை எதுவும் மக்கவில்லை. பழைய தெரு ஒன்றில் தோண்டியபோது மரப்பலகைத் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக 28 அடுக்கு இருந்தன, 10-ஆம் நூற்றாண்டிலிருந்து 15 வரை. அந்தப் பலகைகளில் தெரியும் மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணித்தான் கடிதங்களின் காலத்தைக் கணக்கிடுகிறார்கள்.

அந்தக் கடிதங்களில் இருப்பது ராஜா கதை இல்லை, கடன், வழக்கு, வீட்டு விஷயம். போரிஸ் என்பவர் நஸ்தாசியாவுக்கு எழுதுகிறார்: இங்கே வேலை நிறைய இருக்கிறது, குதிரையில் ஆள் அனுப்பு, சட்டையும் கொடுத்தனுப்பு, மறந்துவிட்டேன். அறுநூறு வருஷத்துக்கு முந்தைய சட்டை! அப்புறம் ஒன்ஃபிம். 13-ஆம் நூற்றாண்டுப் பையன், ஆறேழு வயது இருக்கலாம் என்கிறார்கள். ஒரு பட்டையில் ஒரு பக்கம் அ, ஆ எழுதிப் பழகுவதுபோல் எழுத்துகளும் அசைகளும், மறுபக்கம் வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மிருகம், பக்கத்திலேயே 'நான் மிருகம்' என்று எழுதி, தானீலோ என்ற பெயருக்கு வணக்கமும் சொல்லியிருக்கிறான். அவன் வரைந்த மனிதர்களுக்குக் கைவிரல்கள் ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை, மூன்று, ஐந்து, அன்றைக்கு என்ன தோன்றியதோ அது. கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள்.

அதே கோட்டைக்குள்தான் 1045-இல் தொடங்கி 1050-இல் முடித்த புனித சோபியா பேராலயம். மேற்கு வாசலில் 12-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மக்தபுர்கில் வார்த்த வெண்கலக் கதவுகள் இருக்கின்றன. அவற்றின் கீழ்ப்பகுதியைக் குனிந்து பாருங்கள், கதவைச் செய்த கைவினைஞர்கள் கருவிகளோடு சின்னதாக நிற்பார்கள். வெளியே ரஷ்யாவின் ஆயிரமாண்டு நினைவுச்சின்னம், 1862-இல் எழுப்பியது. நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் இருந்தும் ஜார் மன்னர் இவான் தி டெரிபிள் அதில் இல்லை. 1570-இல் இந்த ஊரைச் சூறையாடி மக்களைக் கொன்று குவித்தவர் அவர். அதைப் பார்த்துத்தான் சோபியாவின் நடுக்கோபுரச் சிலுவையில் உட்கார்ந்த புறா கல்லாகிப்போனது என்பது ஊர்க்கதை. அந்தச் சிலுவையும் இரண்டாம் உலகப் போரில் ஸ்பெயின் வீரர்களால் எடுத்துச்செல்லப்பட்டு, 2004-இல்தான் திரும்பி வந்தது. இப்போது மேலே இருப்பது நகல், பழையது ஆலயத்துக்குள்ளே.

ஆற்றைக் கடந்தால் சந்தைப்பக்கம் என்று அழைக்கப்படும் பகுதி. இலீனா தெருவிலுள்ள தேவாலயத்தில், கிரேக்கர் தியோபனஸ் 1378-இல் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. செம்பழுப்புமேல் வெள்ளைக் கீற்றுகள், அவ்வளவுதான், ஆனால் குவிமாடத்திலிருந்து அந்தக் கிறிஸ்து முகம் பார்க்கும்போது கழுத்து வலித்தாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. ஈரமான நாட்களில் ஓவியம் கெட்டுவிடும் என்று மூடிவைப்பது உண்டு, அதனால் வெயில் அடிக்கிற முதல் நாளே ஓடிவிடுங்கள். ஊருக்கு வெளியே வித்தோஸ்லாவ்லித்சி, பழைய மரவீடுகளும் மரக்கோயில்களும் கொண்டுவந்து வைத்த திறந்தவெளி அருங்காட்சியகம், 7-ஆம் எண் பேருந்து போகும்.

நடைமுறை விஷயங்களும் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து மின்விசா இருக்கிறது. நம் நாட்டு வங்கிகள் கொடுத்த விசா (Visa), மாஸ்டர்கார்டு பண அட்டைகள் அங்கே 2022 மார்ச்சிலிருந்து வேலை செய்யாது, பணமாகக் கொண்டுபோங்கள். போர்க்காலம் என்பதால் கைபேசி இணையம் நின்றுபோவதும் விமான நிலையங்கள் சில மணி நேரம் மூடப்படுவதும் நடக்கிறது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், அரசின் பயண அறிவுரையைப் பார்த்துவிட்டே டிக்கெட் எடுங்கள்.

சாயங்காலத்துக்கு வேறு திட்டம் எதுவும் வேண்டாம். மே நடுவில் பகல் கிட்டத்தட்ட 17 மணி நேரம். இரவு ஒன்பது மணிக்கும் நடைபாலத்தில் தூண்டில்காரர்கள் நிற்பார்கள், கோட்டைச் சுவரின் செங்கல் இன்னும் சிவப்பாகவே தெரியும், கீழே வோல்கோவ் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். நான் இரண்டு வருஷமும் அங்கேதான் நின்றேன்.