கவிழ்ந்த கட்டைவிரல்

நேயர்களுக்கு வணக்கம்.

கையை முன்னால் நீட்டி, கட்டைவிரலைக் கீழே கவிழ்த்துக் காட்டினால் என்ன அர்த்தம்? பள்ளிக்கூடத்துப் பையன்கூட யோசிக்காமல் சொல்வான்: “கொன்னுடுன்னு அர்த்தம் சார்.” எங்கே பார்த்தாய் என்று கேட்டால், ரோமாபுரிப் படத்தில் என்பான். மணல் பரப்பிய அரங்கம், தோற்றுக் கிடக்கிற வீரன், மேலே உட்கார்ந்திருக்கும் சக்கரவர்த்தி, கத்துகிற கூட்டம். விரல் மேலே போனால் உயிர், கீழே போனால் சாவு.

இந்தக் காட்சி இப்போது நம் மனதில் இருக்கிற வடிவத்தில் பிறந்த ஊர் ரோம் இல்லை, பாரிஸ். 1872-ல் ழான் லியோன் ஜெரோம் என்ற பிரெஞ்சு ஓவியர் தீட்டிய படம் அது. வென்ற வீரன் தோற்றவனின் கழுத்தில் காலை வைத்தபடி நிமிர்ந்து பார்க்கிறான். முன்வரிசையில் வெள்ளை உடை உடுத்திய, வெஸ்டா என்ற ரோமானியத் தெய்வத்தின் கோயில் கன்னியர் கையை நீட்டிக் கட்டைவிரலைக் கவிழ்க்கிறார்கள். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு ஆவேசம். ஓவியருக்கு ஆதாரமாக இருந்தது ஜுவெனல் என்ற ரோமானியக் கவிஞரின் ஒரு வரி. அதில் இருப்பது ‘கட்டைவிரலைத் திருப்பி’ என்ற இரண்டு லத்தீன் சொற்கள்தான். எந்தப் பக்கம் திருப்பி என்று ஜுவெனல் சொல்லவில்லை. மேலேயா, கீழேயா, நெஞ்சைப் பார்த்தா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஜெரோம் கீழே என்று வைத்துக்கொண்டார்.

அப்புறம் நூற்று இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து ஹாலிவுட்டில் இரண்டு தயாரிப்பாளர்கள் அந்த ஓவியத்தின் பிரதியை இயக்குநர் ரிட்லி ஸ்காட்டிடம் காட்டினார்கள். அந்த ஒரு படத்தைப் பார்த்தே அவர் மனம் விழுந்துவிட்டது. அப்படி வந்ததுதான் 2000-ல் வெளியான ‘கிளாடியேட்டர்’. ஐந்து ஆஸ்கர் விருது வாங்கிய படம்.

பல ஆண்டுகள் வகுப்பறையில் உலக வரலாறு நடத்தியவன் நான். இந்த மாதிரிப் படங்களில் பிழை தேடிக் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. ரோமானியக் குதிரை வீரர்களுக்கு அங்கவடி, அதாவது சேணத்தில் கால் வைக்கிற வளையம் கிடையாது, படத்தில் இருக்கிறதே என்பேன். இன்று அதைப் பெரிதாக நினைக்கவில்லை. குதிரையேறுகிற நடிகர் விழுந்து கழுத்தை முறித்துக்கொள்ளக் கூடாது, சரிதான். இப்போது என்னை உறுத்துவது வேறு. “பார்க்கிறவர்கள் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்” என்று படம் எடுப்பவர்கள் சொல்கிறார்களே, அந்த எதிர்பார்ப்பை நமக்குக் கொடுத்தது யார்? முந்தைய படம். அதற்குக் கொடுத்தது அதற்கும் முந்தைய ஓவியம். ஓவியத்துக்கு இரண்டே சொல். இவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிற ஒன்றுக்குப் பயந்து, கையில் இருக்கிற அருமையான உண்மைகளைத் தூக்கிப் போடுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

‘சாகப் போகிறவர்கள் உன்னை வணங்குகிறோம்’ என்று வீரர்கள் சக்கரவர்த்தியைப் பார்த்து முழங்குவதை எல்லா ரோமாபுரிப் படத்திலும் கேட்டிருப்பீர்கள். இது கட்டுக்கதை இல்லை, ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அதைச் சொன்னவர்கள் கிளாடியேட்டர்கள் என்ற அரங்கச் சண்டை வீரர்கள் இல்லை, தண்டனைக் கைதிகள். கி.பி. 52-ல் ஃபூசினோ ஏரியின் நீரை வடிக்கச் சுரங்கக் கால்வாய் வெட்டி முடித்த விழாவில், கிளாடியஸ் சக்கரவர்த்தி ஏரியிலேயே ஒரு கடற்போரை வேடிக்கையாக நடத்தினார். கப்பல்களில் 19,000 பேர் இருந்ததாக இன்னொரு வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார். அவர்கள் வணங்குகிறோம் என்று முழங்கியதும் கிளாடியஸ், “சாகாமலும் போகலாம்” என்கிற மாதிரி ஏதோ பதில் சொன்னார். உடனே அவர்கள், மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று சண்டை போட மறுத்துவிட்டார்கள்! சக்கரவர்த்தி ஆசனத்தை விட்டு இறங்கி, தள்ளாடித் தள்ளாடி ஏரிக்கரையில் ஓடி, மிரட்டியும் கெஞ்சியும் அவர்களைச் சண்டைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. உயிர் பிழைக்க ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்ட அந்த மனிதர்களை நினைத்துப் பாருங்கள். படங்கள் எடுத்துக்கொண்டது முதல் வரியை மட்டும்.

லிபியாவில் ஸ்லித்தன் என்ற ஊரில் ஒரு கடலோர மாளிகையின் தரையில் சின்னச் சின்னக் கல் பதித்த சித்திரம் ஒன்று கிடைத்தது. அரங்கச் சண்டை அதில் வரிசையாக இருக்கிறது. முதலில் கண்ணில் படுவது வாத்தியக் கோஷ்டி. ஒருவர் நீண்ட எக்காளம் ஊதுகிறார், வளைந்த கொம்பு வைத்திருப்பவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு பெண் தண்ணீர் விசையால் ஒலிக்கும் ஆர்கன் வாசிக்கிறாள். கொஞ்சம் தள்ளி, அடிபட்ட வீரன் ஒருவன் விரலை உயர்த்துகிறான். விட்டுவிட்டேன் என்று அர்த்தம். வென்றவன் இன்னும் பாய்கிறான். நடுவர் குறுக்கே புகுந்து தடுக்கிறார்.

ஆமாம், நடுவர் இருந்தார். கையில் கோல் வைத்திருப்பார், உதவியாளரும் உண்டு, விதிமுறையும் உண்டு. இத்தனை ஏற்பாடு எதற்கு? பணம்தான். இரண்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் கையுஸ் தன் பாடநூலில் ஒரு வழக்குச் சிக்கலை விளக்குகிறார். கிளாடியேட்டர்களை ஒருவருக்குக் கொடுக்கிறேன், காயமில்லாமல் திரும்பி வந்தால் ஆளுக்கு 20 தினாரியுஸ் (ரோமானிய வெள்ளிக் காசு), செத்தாலோ முடமானாலோ ஆளுக்கு 1000. அப்படியானால் இது வாடகையா, விற்பனையா? திரும்பி வந்தவனுக்கு வாடகை, வராதவனுக்கு விற்பனை என்பது அவர் பதில். ஒருவனைச் சாக விடுவது ஐம்பது மடங்கு செலவு. விளையாட்டு நடத்துகிறவர் கூட்டத்தின் கூச்சலைக் கேட்டுக்கொண்டே மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். மனித உயிரை இப்படி ஒப்பந்தத்தில் எழுதியதைப் படிக்கும்போது வருகிற நடுக்கம், திரையில் பீய்ச்சி அடிக்கிற ரத்தத்தைப் பார்க்கும்போது எனக்கு வருவதில்லை.

துருக்கியில் எபேசு நகரத்துக்கு அருகில் 1993-ல் ஒரு கிளாடியேட்டர் இடுகாடு கண்டுபிடிக்கப்பட்டது. எலும்புகளை வியன்னாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்தார்கள். தலையில் பட்ட காயம் நன்றாக ஆறியிருந்த மண்டையோடுகள் இருந்தன, அதாவது நல்ல வைத்தியம் நடந்திருக்கிறது. சாப்பாடு பெரும்பாலும் தானியமும் பயறும்தான். ‘வாற்கோதுமை தின்னிகள்’ என்று அவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்ததை ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருப்பதோடு இது அப்படியே பொருந்துகிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் செதுக்கி எடுத்த வயிற்றைத்தான் சினிமா நமக்குக் காட்டிப் பழக்கியிருக்கிறது.

‘கிளாடியேட்டர்’ படத்தின் ஆரம்பகாலத் திரைக்கதையில் கதாநாயகன் ஆலிவ் எண்ணெய்க்கு விளம்பரம் செய்வதாக ஒரு காட்சி இருந்தது. அது படத்தில் வரவில்லை. யாரும் நம்ப மாட்டார்கள் என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் கிளாடியேட்டர்களுக்குக் கிரிக்கெட் வீரர்கள் மாதிரி ரசிகர் கூட்டம் இருந்தது உண்மை. பிரான்சில் கிடைத்த முதல் நூற்றாண்டுக் கண்ணாடிக் கோப்பை ஒன்று நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைச் சுற்றிச் சண்டைக் காட்சி, ஒவ்வொரு வீரன் தலைக்கு மேலும் அவன் பெயர்: ஸ்பிகுலுஸ், கொலும்புஸ் என்று. விருப்பமான வீரனின் பெயரை விரலால் தடவிக்கொண்டே ஒருவர் அதில் குடித்திருப்பார். இதை நம்ப மாட்டோம் என்று நம்மைப் பற்றி முடிவு செய்தது யார்?

அந்தப் படத்துக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் கேத்லீன் கோல்மன் ஆலோசகராக இருந்தார். அரங்க விளையாட்டுகளைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு தெரிந்தவர்கள் உலகத்தில் சிலர்தான். ஆலோசகர் என்று தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். படத்தின் முடிவில் நன்றி சொல்லும் இடத்தில் மட்டும் பெயர் வருகிறது.

சரி, இவையெல்லாம் அலங்காரம், கதை முக்கியம் என்று நீங்கள் சொல்லலாம். கதைக்கே வருகிறேன். படத்தில் முதிய சக்கரவர்த்தி மார்க்கஸ் அவுரேலியஸ், மகன் கொமோடஸ் தகுதியற்றவன் என்று கண்டு ஆட்சியை வேறொருவரிடம் கொடுக்க நினைக்கிறார். மகன் அவரை மூச்சுத் திணறடித்துக் கொல்கிறான். நடந்தது என்ன? மார்க்கஸ் 177-ல் தானே மகனை இணைச் சக்கரவர்த்தியாக்கினார். அவருக்கு முன் ஆண்டவர்கள் நான்கு பேர் தகுதி பார்த்து வாரிசைத் தத்து எடுத்திருந்தார்கள். மார்க்கஸும் அப்படித் தத்து வந்தவர்தான். அவர்களுக்கு உயிரோடு மகன் இல்லை, இவருக்கு இருந்தான். மன அடக்கம் பற்றி எழுதிய ஞானி, பிள்ளை என்று வந்தபோது எல்லா அப்பாவையும் போல ஆகிவிட்டார். 180-ல் போர்முனையில் இறந்தார். இதைவிடப் பெரிய துயரக் கதை எது? படம் அந்தத் தவறை அவரிடமிருந்து எடுத்துவிட்டு, நல்ல அப்பா, கெட்ட மகன் என்று நமக்குப் பழகின கணக்கில் போட்டுவிட்டது. இது எனக்கு அங்கவடி மாதிரிச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

முடிவும் அப்படித்தான். திரையில் கொமோடஸ் அரங்கத்தில் குத்துப்பட்டுச் சாகிறான், நாயகன் உயிர் விடும்போது ஆட்சி செனட்டுக்குத் திரும்புகிறது, நாம் நிம்மதியோடு வெளியே வருகிறோம். உண்மைக் கொமோடஸ் பன்னிரண்டு ஆண்டுகள் தனியாக ஆண்டான். 192 டிசம்பர் 31 அன்று அந்தப்புரத்துப் பெண் மார்சியா விஷம் கொடுத்தாள். அது வேலை செய்யாததால் நார்சிசஸ் என்ற மல்லன் கழுத்தை நெரித்துக் கொன்றான். அடுத்து வந்த பெர்டினாக்ஸ் 87 நாள் இருந்தார். அவரையும் மெய்க்காவல் படை கொன்றது. கொன்ற கையோடு சாம்ராஜ்யத்தை ஏலம் விட்டது. படைமுகாமுக்குள் நின்று ஒருவர் வீரனுக்கு இருபதாயிரம் செஸ்டர்ஸ் காசு என்று கேட்க, மதிலுக்கு வெளியே நின்ற திதியுஸ் யூலியானுஸ் இருபத்தைந்தாயிரம் என்று விரலால் காட்டிக்கொண்டே உரக்கக் கூவி, சாம்ராஜ்யத்தை எடுத்துக்கொண்டார். அந்த விரல்கள் ஏன் எந்தத் திரையிலும் வருவதில்லை?

எனக்கு யாராவது காமிராவைக் கொடுத்து, ரோமாபுரியில் ஒரே ஒரு காட்சி எடுக்கலாம் என்றால் எதை எடுப்பேன் என்று முன்பே முடிவு செய்துவிட்டேன். காசியஸ் டியோ என்ற வரலாற்றாசிரியர் அப்போது செனட் உறுப்பினர், அரங்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து நேரில் பார்த்ததை எழுதியிருக்கிறார். கொமோடஸ் உண்மையாகவே கிளாடியேட்டர் வேடத்தில் அரங்கில் இறங்குகிறவன். ஒருநாள் ஒரு நெருப்புக்கோழியைக் கொன்று, தலையை வெட்டி, செனட்டர்கள் இருந்த இடத்துக்கு நேராக வந்து நின்றான். இடது கையில் கோழித் தலை, வலது கையில் உயர்த்திய ரத்த வாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். உங்களுக்கும் இதே கதிதான் என்று அர்த்தம்.

டியோவுக்கு அந்த நேரத்தில் பயம் வரவில்லை, சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அப்படியே. சிரித்தால் அங்கேயே வெட்டு. டியோ தலையில் சூடியிருந்த மாலையிலிருந்து லாரல் என்ற மரத்தின் இலைகளைக் கிள்ளி வாயில் போட்டு மெல்லத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர்களையும் மெல்லச் சொன்னார். சாம்ராஜ்யத்தின் மூத்த பெரியவர்கள் ஒரு வரிசை முழுக்க, வாளுக்கு எதிரே, கண்ணை நேராக வைத்துக்கொண்டு, தாடையை அசைத்தபடி கசக்கிற இலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.