நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருக்க வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம்.

மாடு கன்று போட்டதும், "நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் சீம்பால் கொடுக்கலாம்" என்று மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் இன்னும் சிலர் கன்றைத் தள்ளிக் கட்டுகிறார்கள். முன்னாடியே குடித்தால் கழிச்சல் வரும் என்று பயம். உள்ளபடி பார்த்தால், தாமதம்தான் கழிச்சலுக்கு வழிவிடுகிறது.

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். நோயை எதிர்க்கும் உறுப்புகளான தைமஸ் சுரப்பி, மண்ணீரல், நெறி கட்டும் நிணநீர்க் கணுக்கள் எல்லாம் முதல் இரண்டு மாதத்திலேயே கருவில் தோன்றத் தொடங்கிவிடும். கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் மண்ணீரல். இளங்குட்டியை அறுக்கும்போது கழுத்திலிருந்து நெஞ்சுக்குள் வரை வெளிர்நிறச் சதை ஒன்று தெரியும், அது தைமஸ். வயசான கிடாயில் தேடினால் சுருங்கிக் கொழுப்பாகிக் கிடக்கும்.

இத்தனை உறுப்பு இருந்தும், கன்று பிறக்கும்போது அதன் ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதம் இல்லை என்றே சொல்லலாம். மனிதக் குழந்தைக்கு அது தாயின் நஞ்சுக்கொடி வழியாகவே வந்துவிடும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் நஞ்சுக்கொடியின் அமைப்பு வேறு, அது வழிவிடாது. சீம்பாலில்தான் வந்தாக வேண்டும். பிறந்த கன்றின் குடல் அந்தப் புரதத்தைச் செரிக்காமல் முழுசாக ரத்தத்துக்குள் விடும். ஆனால் மணிக்கு மணி அந்த வழி குறுகி, 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும். அதனால் முதல் ஒரு மணிக்குள் குடிக்க விடுங்கள். 25 கிலோ கன்றென்றால் அன்றைக்கே இரண்டரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். கன்று முட்டிக் குடிக்கும்போது தாய்க்குச் சுரக்கும் ஹார்மோன் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும். நஞ்சுக்கொடி விழ அதுவும் ஒத்தாசைதான்.

அக்கம்பக்கத்துக்குச் சீம்பால் கொடுப்பது நல்ல பழக்கம். நானும் ஆசையாகத் தின்பவன்தான். ஆனால் கன்று குடித்த மிச்சத்தைக் கொடுங்கள்.

தாய் தந்த காப்பு சில மாதத்தில் கரையும். அது நிறைய இருக்கும்போது தடுப்பூசி போட்டால் சரியாகப் பிடிக்காது. கோமாரிக்கு முதல் ஊசியை நாலாம் மாதத்தில் போடச் சொல்வது இதனால்தான்.

சரி, தாய் செத்துப்போனால்? அன்றைக்கே ஈன்ற வேறு பசுவின் சீம்பாலைக் கொடுக்கலாம். பால் அதிகமுள்ள வீட்டில் கொஞ்சம் உறையவைத்தும் வைத்துக்கொள்ளலாம். எடுத்ததை வெதுவெதுப்பான நீரில் இறக்கி இளக்குங்கள். அடுப்பில் வைத்தால் திரண்டுவிடும், அந்தப் புரதமும் கெட்டுப்போகும். நன்றி, வணக்கம்.