கப்பல் கொடுத்த ஒரு வாரம்

(மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசியது, எழுத்தில்)

எல்லாருக்கும் வணக்கம். தமிழ்நாட்டுக்கு நீண்ட விடுமுறையில் போய்வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பார்த்த கோயில்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. தஞ்சாவூரையும் மதுரையையும் ராமேஸ்வரத்தையும் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் நேரில் பார்த்துவிட்டீர்கள், மீதிப்பேர் யூடியூபில் பார்த்துவிட்டீர்கள். நான் பேச வந்தது பயணத்தின் கடைசி வாரத்தைப் பற்றி, அப்புறம் வீட்டுக்கு வந்து கழிக்கிற முதல் வாரத்தைப் பற்றி. இந்த இரண்டையும் நம் ஆட்கள் வீணாக்குகிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நாம் என்ன செய்கிறோம்? கடைசி நாட்கள் என்றாலே கடைத்தெரு. சென்னை என்றால் தி.நகர் ரங்கநாதன் தெரு, திருச்சி என்றால் என்.எஸ்.பி. சாலை. காலையில் போனால் இரவுதான் அறைக்குத் திரும்புகிறோம், திரும்பியதும் தராசில் பெட்டியைத் தொங்கவிட்டு எடைபார்த்து, இரண்டு கிலோ கூடிவிட்டது என்று முறுக்குப் பொட்டலத்தை எடுத்து இவர் பையில் போட்டு, அவர் பையிலிருந்து சேலையை எடுத்து இதில் திணித்து, அதிலேயே இரவு முடிந்துவிடுகிறது. நள்ளிரவில் விமானம். ஏறி உட்கார்ந்து கண்ணை மூடித் திறந்தால் கோலாலம்பூர் விமான நிலையம். நாலு மணி நேரம்கூட ஆவதில்லை. காலையில் இறங்கி, மத்தியானம் ஈப்போவைத் தாண்டி, மறுநாள் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் விருந்து. சொந்த மண்ணில் தங்கிவந்த அத்தனை நாளும் அந்த ஒரே இரவில் மூட்டைகட்டி முடிந்துபோகிறது.

நானும் என் மனைவியும் இந்தத் தடவை கடையை எல்லாம் முன்கூட்டியே முடித்துக்கொண்டோம். கடைசி வாரத்தை நாகப்பட்டினம் பக்கத்தில் இருக்கிற எங்கள் தாத்தாவின் ஊருக்கு என்று ஒதுக்கிவிட்டோம். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளையார் கோயில், ஒரு குளம், வயல், நாலு தெரு. போய் வெறுமனே உட்கார்ந்திருந்தோம். அங்கே ஒரு அத்தை இருக்கிறார், என் அப்பாவுக்குச் சித்தப்பா மகள். அந்த அத்தையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அத்தை பிறந்தது இங்கே, சுங்கை சிப்புட்டில், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். பதினைந்து வயதிலேயே பால்வெட்டுக்கு, அதாவது ரப்பர் மரம் சீவ, போனவர். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது என்ன நடந்தது என்று இங்கே மூத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் எத்தனை குடும்பம், ஆயிரமாயிரம் பேர், பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். அதில் பலபேர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. எங்கள் தாத்தாவுக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை கிடைத்திருந்தது, தங்கிவிட்டார். அவருடைய தம்பிக்குக் கிடைக்கவில்லை. ஒரே லயத்தில் இருந்த அண்ணன் தம்பி. அப்படித்தான் அத்தை போனார்.

முதல் நாள் நாங்கள் வாசலில் இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பசியாறினீங்களா தம்பி?" அந்தத் தெருவில் வேறு யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள், "சாப்பிட்டீங்களா" என்றுதான் கேட்பார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அத்தையின் வாயில் இன்னும் நம் ஊர்ப் பேச்சுதான். சந்தைக்குப் போவதை பாசாருக்குப் போவது என்று சொல்லி, மருமகள் திருத்தியும் மாற்றிக்கொள்ளவில்லை. பரண் மேலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கச் சொன்னார். அதற்குள் துணியில் சுற்றி ஒரு பால்வெட்டுக் கத்தி. முனை வளைந்து, தேய்ந்து தேய்ந்து பாதியாகிப்போன இரும்பு, பிடி மட்டும் கறுப்பாக, கைபட்டு வழுவழுவென்று. தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, அந்தத் தூணிலேயே மரத்தை எப்படிக் கீறுவது என்று காட்டினார். இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சரித்து, பட்டை மட்டும் சீவல் சீவலாக வரணும், கட்டையில் கத்தி படக்கூடாது, பட்டால் மரம் காயம்பட்டுப் பட்டை சரியாக வளராது. கை நடுக்கம் எல்லாம் அந்தக் கத்தியை எடுத்ததும் போய்விட்டது. என் மனைவி அழுதுவிட்டாள்.

இதெல்லாம் முதல் நாளே வரவில்லை என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன். முதல் நாள் நலம் விசாரிப்பு, போட்டோ, கோழிக்குழம்பு. இரண்டாம் நாளும் அப்படித்தான். போகிற அவசரம் இல்லாத விருந்தாளி என்று நம்பிக்கை வந்த பிறகுதான் பெட்டி இறங்கியது. கப்பல் பேச்சு வந்தது அதற்கும் அப்புறம்.

இளைஞர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ரஜூலா என்று ஒரு கப்பல். 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது இன்றைய போர்ட் கிள்ளான், 1972இல் பெயர் மாறியது. நம் ஆட்கள் பெரும்பாலும் டெக் பயணிகள், திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு வந்தவர்கள். அதற்குப் பிறகு சிதம்பரம் கப்பல் ஓடியது, 1985இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் சேவையும் நின்றுபோனது. நாகப்பட்டினத்தில் இந்தக் கப்பல்கள் கரைக்கு வராது, தூரத்தில் கடலிலேயே நிற்கும், படகில்தான் ஆட்களை ஏற்றி இறக்குவார்கள். அங்கிருந்து இங்கே வருகிறவர்களுக்கு இன்னொரு கட்டமும் இருந்தது. பினாங்கில் ஜெரெஜாக் தீவிலோ சுவெட்டன்ஹாம் முகாமிலோ சில நாள் அடைத்துவைத்து, அம்மையும் காலராவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் தோட்டத்துக்கு விடுவார்கள். அந்த முகாம்களில் நம் மக்கள் பட்ட அவமானம் தனிக் கதை.

அத்தை சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். "கப்பல்ல மொத ரெண்டு நாள் யாரும் யார்கிட்டயும் பேசல தம்பி. ஒரே அழுகை, வாந்தி. மூணாம் நாள்தான் அப்பா வாயத் தொறந்தாரு. ஊருல எந்த வயலு இருக்கு, எது போச்சு, யாரு எனக்கு மாமா, யாரு சித்தப்பா, ஒண்ணொண்ணாச் சொன்னாரு. நாகப்பட்டினம் தெரியறதுக்குள்ள மனசத் தேத்திக்கிட்டேன். நேரா கொண்டாந்து எறக்கியிருந்தா நான் செத்தே போயிருப்பேன்."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை ரொம்ப யோசிக்கவைத்தது. கப்பல் பயணம் சுகமானது என்று நான் சொல்லவில்லை, அது கஷ்டம், அந்தப் பிரிவு கொடுமை. ஆனால் இரண்டு ஊருக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு வாரம் மனிதர்களுக்குக் கிடைத்தது. கடிகாரத்தைக்கூடக் கப்பலில் நாளுக்குக் கொஞ்சமாகத்தான் தள்ளிவைப்பார்கள். நமக்கும் இந்தியாவுக்கும் இப்போது இரண்டரை மணி நேர வித்தியாசம். 1982க்கு முன்பு மலேசியத் தீபகற்பத்தில் இரண்டு மணி நேரம்தான், அந்த வருஷம் ஜனவரியில்தான் நம் கடிகாரத்தை அரை மணி கூட்டினார்கள். விமானம் அந்த இரண்டரை மணியை ஒரே இரவில் பிடுங்கிக்கொள்கிறது, கூடவே அந்த ஒரு வாரத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டது. அதை யாரும் நமக்குத் திருப்பித் தரப்போவதில்லை. நாமேதான் எடுத்துக்கொள்ளணும், அங்கே பாதி, இங்கே பாதி என்று.

சரி, கிளம்புகிற நாள். பெட்டி கட்டும்போது அத்தை தோட்டத்திலிருந்து ஒரு முருங்கைப் போத்தை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, "வீட்டுப் பின்னால நட்டு வை" என்று கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வரத்தான் ஆசை. ஆனால் செடி, விதை, மண் எதையும் அனுமதி இல்லாமல் மலேசியாவுக்குள் கொண்டுவரக் கூடாது, அதிகாரிகள் விமான நிலையத்தில் பிடித்தால் அபராதம், வழக்கு. அத்தைக்கு இதை எப்படிச் சொல்வது? நான் ரப்பரை வைத்துச் சொன்னேன், அவருக்கு உடனே புரிந்தது, உங்களுக்கும் புரியும். ரப்பரின் தாய்வீடு பிரேசில். அங்கே அந்த மரத்தைத் தோட்டமாக வரிசைபோட்டு வளர்க்க முடியவில்லை, ஏனென்றால் இலைக்கருகல் நோய் என்ற பூஞ்சை ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவி இலையை எல்லாம் கொட்டவைத்துவிடும். கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டு 1928இல் அமேசான் காட்டுக்குள் ஒரு ஊரையே கட்டி ரப்பர் போட்டுப் பார்த்தார், நோய் தின்றுவிட்டது, 1945இல் விட்டுவிட்டுப் போனார்கள். விதை மட்டும் 1876இல் லண்டன் போய், கன்றாக 1877இல் சிங்கப்பூருக்கும், இதோ நம் பக்கத்து கோலகங்சாருக்கும் வந்தது. அங்கே மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் நிற்கிற பழைய மரம் அந்தக் கன்றுகளில் ஒன்றுதான். மரம் வந்தது, அந்த நோய் வரவில்லை. இன்றுவரை ஆசியாவுக்குள் வரவில்லை. நம் தாத்தா பாட்டி எல்லாரும் சோறு தின்றது அதனால்தான். ஒருவர் பையில் வருகிற ஒரு இலை போதும். அதனால் பிரியத்தில் கொடுத்தாலும் போத்தை அங்கேயே நட்டுவிட்டு வாருங்கள். நாங்கள் அத்தை வீட்டுக் கிணற்றடியிலேயே நட்டோம், துளிர்விட்டதும் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது இங்கே வந்த கதை. நம் ஊர் ஈரத்துக்கு, பூட்டிவைத்த வீடு என்ன ஆகும் என்று தெரியும். கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற பூசண வாடை. தோல் செருப்பு பச்சையாகப் பூத்திருந்தது, சாமி அறையில் சந்தனக்கட்டை முதற்கொண்டு. கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மாவிடம்) சாவி கொடுத்துவிட்டுப் போயிருந்ததால் வாசல் பூந்தொட்டித் தட்டுகளில் தண்ணீர் நிற்காமல் அவர் பார்த்துக்கொண்டார், இது சின்ன விஷயம் இல்லை. ஏடிஸ் கொசு முட்டையிட ஒரு தட்டுத் தண்ணீர் போதும், ஆள் இல்லாத வீடாக இருந்தாலும் சுகாதாரத் துறை அபராதம் போடும், தெருவில் ஒரு பிள்ளைக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தால் அந்தப் பாவம் வேறு. நீண்ட நாள் போகிறவர்கள் சாவியை ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். திரும்பிவந்த மூன்று நாலு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். டைஃபாய்டு மூன்று வாரம் கழித்துக்கூடத் தலைகாட்டும், மலேரியா இன்னும் தள்ளியும் வரும். கிளினிக்கில் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக இந்தியா போய்வந்தேன், இந்தத் தேதியில் வந்தேன் என்று சொல்லுங்கள். சொன்னால்தான் டாக்டர் சரியான ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார்.

முதல் வாரம் நாங்கள் எந்த விருந்துக்கும் போகவில்லை. சொந்தக்காரர்களுக்குக் கொஞ்சம் கோபம்தான். வீட்டைத் துடைத்தோம், தூங்கினோம், காலையில் கடையில் கோப்பி குடித்தோம், சாயங்காலம் நான் பிறந்த தோட்டம் வரை போய்வந்தோம். லயம் இல்லை, ரப்பரும் இல்லை, எல்லாம் செம்பனை, எண்ணெய்ப்பனை. கோயில் மட்டும் இருக்கிறது. அங்கிருந்தபடியே அத்தைக்கு வீடியோவில் போன் போட்டேன், செம்பனையைப் பார்த்து "இது என்ன எடம்?" என்று கேட்டவர், கோயில் கோபுரத்தைப் பார்த்ததும் அதற்கு எதிரே எந்த லயம், எந்த வீட்டில் யார் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கே தெரியாத குடும்பங்கள். என் மனைவி கையில் கிடைத்த ரசீதின் பின்னால் எழுதிக்கொண்டாள்.

இனி நீங்கள் எல்லாரும் செய்ய வேண்டிய ஒரு காரியம். அத்தையின் பெட்டிக்குள் கத்தியோடு ஒரு கட்டு நீல வான்கடிதங்களும் இருந்தன, எங்கள் தாத்தா இங்கிருந்து தம்பிக்கு எழுதியவை. பெரும்பாலும் ரப்பர் விலை, இரண்டு வாரமாக மழை, மரம் வெட்ட முடியவில்லை, சம்பளம் பாதிதான் என்கிற மாதிரிச் செய்திகள். ஒன்றிரண்டில் தொழிலாளர்களிடம் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கிய, துன் சம்பந்தனின் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தவணை கட்டியதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் தோட்டத்து மற்றவர்கள் சொல்லச் சொன்ன செய்தி இருக்கிறது, இன்னார் மகளுக்குக் கல்யாணம், இன்னார் தவறிவிட்டார், இன்னார் தன் அண்ணனை விசாரிக்கச் சொன்னார் என்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தாத்தாவிடம் சொல்லி எழுதவைத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. கடிதங்கள் அத்தையிடமே இருக்கின்றன, நான் படம் எடுத்து, பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். பின்னால் தண்ணீர் வைத்திருக்கிற மேசைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. உங்கள் தாத்தா பாட்டி பெயர் தெரிந்தால் பக்கத்தில் வைத்திருக்கிற நோட்டில் உங்கள் பெயரை எழுதுங்கள். அத்தைக்கு அங்கே மணி எட்டு ஆகும்போது இங்கே பத்தரை, இன்று ராத்திரி அவரைக் கூப்பிட்டு, யார் யார் கிடைத்தார்கள் என்று சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.