தாத்தா விட்டுப்போன எண்ணெய்: டெக்சாஸ் குத்தகைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்

(திரையில்: மேசைமேல் ஒரு பழுப்பு உறை. ஒரு கை அதைப் பிரிக்கிறது.)

ஒஹாயோவில் ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டெக்சாஸுக்கு வாழ்நாளில் இரண்டு முறைதான் போயிருக்கிறார், இரண்டு முறையும் துக்க வீட்டுக்கு. ஒரு நாள் அவருக்குத் தபால் வருகிறது. உள்ளே ஒரு கடிதம், நான்கு பக்க ஒப்பந்தம், தொகை எழுதிய ஒரு தாள். "கார்ன்ஸ் கவுண்டியில் உங்களுக்குள்ள கனிம உரிமையைக் குத்தகைக்கு எடுக்க விரும்புகிறோம். பத்து நாளுக்குள் நோட்டரி முன்னால் கையெழுத்திட்டு அனுப்பவும்."

கார்ன்ஸ் டெக்சாஸில் ஒரு கவுண்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி. அவருக்கு அங்கே ஒரு சென்ட் நிலம் கிடையாது. தாத்தா 1951இலேயே விற்றுவிட்டார். பிறகு எதைக் குத்தகைக்குக் கேட்கிறார்கள்?

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். இந்தியாவில் வயலுக்கு அடியில் எண்ணெய் இருந்தால், அதை எடுக்க உரிமம் தருவது அரசு. வயல்காரருக்குக் கிடைப்பது நிலத்தைப் பயன்படுத்தியதற்கான இழப்பீடு. அமெரிக்காவில் மண்ணுக்கு அடியில் இருப்பதும் தனியார் சொத்தாக இருக்கலாம். மேலே உள்ள நிலத்தை ஒருவருக்கு விற்றுவிட்டு, கீழே உள்ளதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். இந்தத் தாத்தா அதைத்தான் செய்தார். 320 ஏக்கரை விற்றார். பத்திரத்தில் ஒரே ஒரு வரி சேர்த்து, கனிமத்தில் பாதியைத் தனக்கென்று நிறுத்திக்கொண்டார். அந்த வரி ஐம்பது வருடத்துக்குமேல் பதிவேட்டில் தூங்கியது. 2008இல் தெற்கு டெக்சாஸின் ஈகிள் ஃபோர்டு பாறையில் எண்ணெய், எரிவாயு எடுக்க வழி பிறந்ததும் இப்படிப்பட்ட வரிகளைத் தேடி ஆட்கள் கவுண்டி அலுவலகங்களில் போய் உட்கார்ந்தார்கள்.

அப்படிப் போய் உட்காருபவருக்கு லேண்ட்மேன் என்று பெயர். பழைய பத்திரங்களைப் படித்து, யாருக்கு எவ்வளவு பாகம் என்று கணக்குப்போட்டு, வாரிசுகளைத் தேடிப்பிடிப்பது அவர் வேலை. பெரும்பாலும் நல்ல மனிதராகத்தான் இருப்பார், தொலைபேசியில் தாத்தாவைப் பற்றிக்கூட விசாரிப்பார். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது எதிர்த்தரப்பு, அதாவது குத்தகைக்குக் கேட்கும் கம்பெனி.

(திரையில்: 320 ஏக்கர் கட்டம். முதலில் பாதியாக, பிறகு மூன்றாக, பிறகு இரண்டாகப் பிரிகிறது.)

முதலில், நம்மிடம் இருப்பது எவ்வளவு? 320 ஏக்கரில் தாத்தாவின் பங்கு பாதி, அதாவது 160. அவருக்கு மூன்று பிள்ளைகள். நம் பெண்ணின் அம்மாவுக்கு வந்தது 53.33. அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். ஆக, இவருக்கு 26.67 ஏக்கர். நிகரக் கனிம ஏக்கர் என்று சொல்வது இதைத்தான். கையெழுத்திட்டால் ஏக்கருக்கு இத்தனை டாலர் போனஸ் என்று கடிதத்தில் இருந்தால், அதை இந்த 26.67ஆல்தான் பெருக்க வேண்டும், 320ஆல் அல்ல.

வில்லங்கம் பார்க்காமல் யாராவது வீடு வாங்குவார்களா? இங்கேயும் அதே கதைதான். கவுண்டி எழுத்தர் அலுவலகத்தில் தாத்தாவின் பத்திரத்தின் நகலை வாங்கி, அந்த ஒரு வரியைச் சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும். அவர் நிறுத்திக்கொண்டது கனிமமா, வெறும் ராயல்டியா (எடுத்து விற்றதில் ஒரு பங்கு மட்டுமா)? வெறும் ராயல்டி என்றால் குத்தகைக்கு விடும் அதிகாரமே இவரிடம் இல்லாமல் போகலாம். தாத்தாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து இவருக்கு என்ற சங்கிலி பதிவேட்டில் இருக்கிறதா? வேறு மாநிலத்தில் உயில் நிரூபணம் ஆகியிருந்தாலும், அதன் நகல் நிலம் இருக்கும் கவுண்டியில் பதிவாக வேண்டும். உயிலே இல்லாத வீடுகளில் வாரிசு உறுதிமொழிப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வது டெக்சாஸ் வழக்கம்.

தாளின் தலைப்பையும் பார்த்துவிடுங்கள். அதில் குத்தகை என்று இருக்க வேண்டும். கனிமப் பத்திரம் என்றோ ராயல்டி பத்திரம் என்றோ இருந்தால் அது விற்பனை. காசோலையோடு இப்படியும் உறைகள் வருவது உண்டு.

(திரையில்: தராசு. ஒரு தட்டில் போனஸ், மறு தட்டில் ராயல்டி.)

சரி, இப்போது பேரம். தஞ்சாவூர்ப் பக்கம் குத்தகை வேறு, வாரம் வேறு. குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவு வந்துவிட வேண்டும். வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. எண்ணெய்க் குத்தகையில் இரண்டும் கலந்திருக்கிறது. போனஸ் கையெழுத்துக்கு ஒருமுறை கிடைக்கும் பணம், கிணறு தோண்டினாலும் தோண்டாவிட்டாலும் நம்முடையது. ராயல்டி வாரம் மாதிரி, எடுத்து விற்றால்தான் உண்டு.

கடிதத்தில் பெரிய எழுத்தில் இருப்பது போனஸ்தான். எல்லோரும் முதலில் அதைத்தான் பேசுகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

லேண்ட்மேனோடு மல்லுக்கட்டி ஏக்கருக்கு 200 டாலர் கூடுதலாக வாங்கிவிட்டீர்கள். 26.67 ஏக்கருக்கு 5,333 டாலர். சந்தோஷம். இப்போது ராயல்டியை 3/16 பங்கிலிருந்து 1/4 பங்காக உயர்த்தினால்? இவருடைய நிலம் 640 ஏக்கர் யூனிட்டுக்குள் (கிணறுகளுக்காகப் பக்கத்து நிலங்களை ஒன்றாகச் சேர்த்த பகுதிக்குள்) வருகிறது, அந்த யூனிட்டின் கிணறுகள் ஒரு மாதத்தில் 30,000 பேரல் எடுக்கின்றன, பேரல் 70 டாலர் என்று வையுங்கள். மொத்த விற்பனை 21 லட்சம் டாலர். 3/16 என்றால் இவருக்கு 16,406. 1/4 என்றால் 21,875. வித்தியாசம் 5,469 டாலர், அதுவும் ஒரே மாதத்தில். ஈகிள் ஃபோர்டு போன்ற ஷேல் பாறையில் தோண்டிய கிணறு முதல் வருடத்திலேயே வேகமாக வற்றும், இந்தக் கணக்கு மாதாமாதம் இப்படியே ஓடாது. ஆனால் சொட்டுச்சொட்டாகப் பல வருடம் வரும்.

மறுபக்கமும் உண்டு. குத்தகைக்கு எடுத்த எல்லா நிலத்திலும் கிணறு வருவதில்லை. சுற்றுவட்டாரத்தில் யாருமே தோண்டாத இடம் என்றால் போனஸ் மட்டும்தான் கடைசிவரை கையில் நிற்கும் பணம். பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க டெக்சாஸ் ரயில்ரோடு கமிஷனின் இணைய வரைபடம் இருக்கிறது, இலவசம். 1891இல் ரயில்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கிய அமைப்பு; இன்று அதற்கும் ரயிலுக்கும் சம்பந்தமே இல்லை, எண்ணெயும் எரிவாயுவும்தான் முக்கிய வேலை. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. வரைபடத்தில் உங்கள் நிலத்தைச் சுற்றிப் புதிய கிணற்று அனுமதிகள் தெரிந்தால் ராயல்டிக்கு அழுத்திப் பேசுங்கள்.

"அரசாங்கமே 1/8தானே வாங்குகிறது" என்று ஒரு வாதம் வரலாம். கூட்டரசு நிலங்களுக்கு 1920 சட்டம் வைத்த குறைந்தபட்ச அளவு அது. 2022இல் 1/6 ஆக ஏறியது, 2025இல் மறுபடி 1/8க்கு இறங்கியது. தனியார் நிலத்தில் பேரம் வேறு. டெக்சாஸில் எண்ணெய் நன்றாக வரும் பகுதிகளில் 1/5, 1/4 என்பது சாதாரணமாகக் கேட்கிற பங்குதான்.

(திரையில்: கிணறு, குழாய், சுத்திகரிக்கும் ஆலை, சந்தை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறு கத்தரிக்கோல்.)

பங்கு 1/4 என்று எழுதி வாங்கிவிட்டால் முடிந்ததா? எதில் 1/4 என்று கேட்க வேண்டும். களத்துமேட்டில் அளக்கிற நெல்லில் கால் பங்கா, வண்டிக்கூலி, அரவைக்கூலி எல்லாம் கழித்து மிஞ்சியதில் கால் பங்கா? எரிவாயுவைக் கிணற்றிலிருந்து எடுத்த பிறகு ஈரம் நீக்க வேண்டும், அழுத்தம் ஏற்ற வேண்டும், குழாயில் அனுப்ப வேண்டும். இந்தச் செலவில் உங்கள் பங்கைக் கழித்துக்கொண்டுதான் பணம் வரும், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால்.

"கழிவு எதுவும் கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிட்டேனே" என்றால் போதாது. 1996இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் அப்படி ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கத்தான் செய்தது. ஆனால் ராயல்டியை "கிணற்றடியில் உள்ள சந்தை மதிப்பு" என்று வரையறுத்திருந்தார்கள். கிணற்றடி மதிப்பு என்றாலே சந்தை விலையில் அந்தச் செலவுகளைக் கழித்த பிறகு வருவதுதான். அதற்குமேல் கழிக்காதே என்று சொல்லும் வரிக்கு வேலையே இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ராயல்டி உரிமையாளர்கள் தோற்றார்கள். 2023இல் அதே நீதிமன்றத்தில் வேறு சிலர் வென்றார்கள். விற்ற விலையில் வாங்குபவர் தன் செலவுக்கென்று பிடித்திருந்தால், அதையும் திரும்பக் கூட்டித்தான் ராயல்டி கணக்குப் போட வேண்டும் என்று அவர்கள் ஒப்பந்தம் தெளிவாகச் சொல்லியிருந்தது. அதனால் "கிணற்றடியில்" என்ற சொல்லை அடித்துவிட்டு, உண்மையில் விற்ற மொத்தத் தொகையில் பங்கு என்று எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு பத்திக்காகவே எண்ணெய் வழக்கறிஞருக்குக் காசு கொடுக்கலாம்.

(திரையில்: நாட்காட்டி. மூன்றாம் வருடத்துக்குப் பிறகும் தாள்கள் கிழிந்துகொண்டே போகின்றன.)

இப்போது, என்னைக் கேட்டால் பணத்தைவிட முக்கியமான இடம். இது எப்போது நம்மிடம் திரும்பி வரும்?

கடிதத்தில் மூன்று வருடம் என்று இருக்கிறது. வாடகை வீடு மாதிரி மூன்று வருடம் முடிந்ததும் காலி செய்வார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த வரியைத் தொடர்ந்து படித்தால் "அதன் பிறகு எண்ணெயோ எரிவாயுவோ எடுக்கப்படும் காலம் வரை" என்று இருக்கும். மூன்று வருடத்துக்குள் ஒரு கிணறு ஓடத் தொடங்கிவிட்டால் அது வற்றும்வரை ஒப்பந்தம் உயிரோடு இருக்கும், முப்பது வருடமானாலும். தோண்டிய செலவு திரும்பி வர வேண்டும் என்றுகூட இல்லை. கிணற்றை ஓட்டுகிற செலவுக்குமேல் கொஞ்சம் மிஞ்சிக்கொண்டிருந்தால் போதும். உண்மையில் டெக்சாஸ் சட்டத்தின் பார்வையில் இது குத்தகையே இல்லை. கனிமத்தின் உரிமையையே கைமாற்றிக் கொடுக்கிறோம், நிபந்தனை முடிந்தால் திரும்பி வரும் என்ற ஏற்பாட்டோடு. அந்த நிபந்தனையை எழுதுவது யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான்கு பக்கத் தாளில் எழுதியிருப்பது கம்பெனிக்காரர்கள். மேலே "புரொடியூசர்ஸ் 88" என்று அச்சடித்திருப்பார்கள், ஏதோ அரசு படிவம் போல. அப்படி ஒரே படிவம் எதுவும் கிடையாது. அதே தலைப்பில் எத்தனையோ விதமான ஒப்பந்தங்கள் உலவுகின்றன. அச்சில் இருப்பதால் மாற்ற முடியாது என்று நினைக்க வேண்டாம்.

எதை மாற்றுவது? உங்கள் நிலத்தில் ஒரு மூலை மட்டும் பக்கத்து நிலங்களோடு சேர்ந்து ஒரு யூனிட்டுக்குள் போகிறது என்று வையுங்கள். அந்த யூனிட்டில், உங்கள் எல்லைக்கு வெளியே, ஒரு கிணறு. அது ஒன்றே உங்கள் மொத்த நிலத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ராயல்டி வருவதோ அந்த மூலைக்கு மட்டும். 1947இல் லூயிசியானாவில் பியூ என்ற வழக்கறிஞர் இதற்கு மாற்றாக ஒரு பிரிவு எழுதினார். அதனால் இன்றும் அதற்குப் பியூ பிரிவு என்றே பெயர். அந்த மூன்று வருட முதல் காலம் முடிந்ததும் யூனிட்டுக்கு வெளியே உள்ள நிலம் உரிமையாளருக்குத் திரும்ப வேண்டும். ஆழத்துக்கும் இதையே கேளுங்கள்: கிணறு தொட்ட பாறைக்குக் கீழே உள்ளதும் திரும்ப வேண்டும். நாளை அந்த ஆழத்தில் எண்ணெய் எடுக்க ஒரு வழி பிறந்தால் அதற்குத் தனியாக ஒரு போனஸ் உண்டு. ஈகிள் ஃபோர்டு கதையே அதுதானே.

இன்னொன்று, மூடிய கிணற்றுக்கான தொகை. எரிவாயு வரும், ஆனால் குழாய் இல்லை, விற்கவில்லை என்றால் வருடத்துக்கு ஒரு சிறு தொகை கொடுத்து ஒப்பந்தத்தை உயிரோடு வைத்திருக்கப் படிவம் வழிவிடும். கால வரம்பு இல்லாவிட்டால் அது நீண்டுகொண்டே போகும். தொடர்ந்தாற்போல் இரண்டு வருடத்துக்குமேல் கூடாது என்று எழுதி வாங்குங்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கும் உரிமை கேட்டால், அதற்கும் முழு போனஸ் கேளுங்கள்.

(திரையில்: தொலைபேசி ஒலிக்கிறது.)

"உங்கள் அண்ணன் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டார்."

லேண்ட்மேன் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். டெக்சாஸில் கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் தன் பாகத்தைத் தானே குத்தகைக்கு விடலாம், மற்றவர் சம்மதம் வேண்டாம். அதனால் அண்ணன் கையெழுத்து உங்களைக் கட்டாது. முதலில் அண்ணனுக்கு போன் போடுங்கள். பெரியம்மா மக்களுக்கும் போடுங்கள். பதிவேட்டில் பெரும்பாலும் குத்தகையின் சுருக்கம் மட்டும்தான் ஏறும், போனஸும் ராயல்டியும் அதில் இருக்காது. உறவுக்காரர்களிடம் கேட்டால்தான் தெரியும். எல்லோரும் சேர்ந்து பேசினால் 26 ஏக்கர் 160 ஏக்கராகிவிடும். அதற்கு மனம் ஒத்துவரவில்லை என்றால் (சொத்து விஷயத்தில் எந்தக் குடும்பத்தில் ஒத்துவருகிறது?) ஒரு வரி சேருங்கள்: இதே கனிமத்தில் வேறு எந்த வாரிசுக்காவது கூடுதல் கொடுத்தால் எனக்கும் அது பொருந்தும்.

உரிமைக்கு உத்தரவாதம் தரும் பத்தியை அடித்துவிடுங்கள். தாத்தாவின் பத்திரத்தில் நமக்குத் தெரியாத ஓட்டைக்கு நாம் ஏன் ஜவாபு? அப்புறம், உறையில் வந்த தொகைத் தாள் காசோலை இல்லை. அவர்கள் பத்திரங்களைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டால் முப்பது நாளோ அதற்குமேலோ கழித்து வங்கி பணம் தரும் டிராஃப்ட் அது. பணம் வருவதற்குள் குத்தகையைப் பதிவு செய்யக்கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

(திரையில்: ஒரு தசம எண்: 0.01041667)

கிணறு ஓடத் தொடங்கினால் டிவிஷன் ஆர்டர் என்று ஒரு தாள் வரும். அதில் உங்கள் பாகம் தசமத்தில் இருக்கும். நீங்களே போட்டுப் பாருங்கள்: 26.67 என்று சுருக்காமல் 26.666667ஐ 640ஆல் வகுத்து, 1/4ஆல் பெருக்க வேண்டும். மேலே திரையில் உள்ள எண் வந்தால் சரி. வராவிட்டால் கையெழுத்திடாமல், எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். முதல் விற்பனை நடந்த மாதம் முடிந்து 120 நாளுக்குள் முதல் பணம் வர வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். போனஸுக்கும் ராயல்டிக்கும் வருமான வரி உண்டு. ராயல்டியில் மட்டும் பொதுவாக 15 சதவீதம் டிப்ளீஷன் கழிவு (கனிமம் தீர்ந்துகொண்டே போவதற்கான வரிக் கழிவு) கிடைக்கும்.

கிணறே வராமல் மூன்று வருடம் முடிந்துவிட்டால், விடுவிப்புப் பத்திரம் கேட்டுக் கம்பெனிக்கு ஒரு கடிதம் போடுங்கள். அது கவுண்டியில் பதிவானதும் ஒரு நகலை வாங்கி, தாத்தாவின் 1951 பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். அடுத்த உறை வேறொரு கம்பெனியிடமிருந்து வரும்போது, பழைய குத்தகை முடிந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.